கைக்கேற்ற பிடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கத்தி என்றவுடன் அதன் கூர்மையே நினைவுக்கு வருகிறது. கூர்மை அலகுக்கு உரியது. அலகு தொடுவது காய்கறியை. மனிதரைத் தொடும் பகுதி பிடியே. நாள்தோறும் பல முறை எடுத்தாளப்படும் ஒரு கருவி கையை வருத்தாமல் இருக்க வேண்டுமெனில், அதன் பிடி அந்தக் கையை அறிந்து உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். கையை அளத்தல், மரத்தைத் தேர்தல், காம்பைப் பொருத்துதல், மெருகேற்றுதல் எனப் பல படிநிலைகளைக் கொண்ட ஒரு சிறு கைவினையின் நுட்பங்களை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மணையிலிருந்து மேடைக்கு

தமிழர் வீடுகளில் நெடுங்காலம் காய் நறுக்கப் பயன்பட்ட கருவி அரிவாள்மணை. மரப்பலகையில் நிலையாகப் பொருத்தப்பட்ட வளைந்த அலகு மேல்நோக்கி நிற்கும். தரையில் அமர்ந்தவர் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் காயைப் பற்றி அலகின்மீது செலுத்துவார். அங்கே கருவி அசைவதில்லை, காயே அசைகிறது. கருவியை நிலைநிறுத்தும் பொறுப்பை உடலின் எடை ஏற்றுக்கொள்கிறது. எனவே, அரிவாள்மணைக்குக் கைப்பிடி தேவைப்படவில்லை.

நின்றுகொண்டு சமைக்கும் மேடை பரவலானபின் இம்முறை தலைகீழானது. காய் பலகையில் அசையாதிருக்க, கருவி அசைகிறது. ஒரு கை காயைப் பற்றிக்கொள்ள, மற்றொரு கை கத்தியை இயக்குகிறது. தோளிலிருந்து இறங்கும் விசை முழுவதும் பிடியின் வழியாகவே அலகைச் சென்றடைகிறது. முன்பு காலும் உடலும் செய்த வேலையை இப்போது ஐந்து விரல்கள் செய்கின்றன. பிடி வழுக்கினால் கூர்முனை திசைமாறும். திசைமாறாமல் இருக்க விரல்கள் இறுகப் பற்றும். இறுகப் பற்றிய கை விரைவில் சோரும். ஆகவே, பிடி பற்றிய சிந்தனை அழகு சார்ந்தது மட்டுமன்று. சமைப்பவரின் பாதுகாப்பும் உடல்நலமும் சார்ந்தது.

கடைகளில் விற்கப்படும் கத்திகள் பலவற்றின் பிடிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட நெகிழியால் ஆனவை. அவை விலை குறைந்தவை. எளிதில் கழுவத் தக்கவை. ஆயினும், பெரிய கைக்கும் சிறிய கைக்கும் அவை ஒரே அளவினவே. சில ஆண்டுகளில் நெகிழி வெடித்துவிட்டால், அலகு நன்றாக இருந்தும் கத்தி குப்பைக்குப் போகிறது. அத்தகைய கத்தி ஒன்றின் அலகைக் காத்து, அதை ஆள்பவரின் கைக்கு ஏற்ற புதிய பிடியை அமைப்பது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

கத்தியின் உறுப்புகள்

கத்தியில் வெட்டும் பகுதி அலகு. அலகிலிருந்து பின்னோக்கி நீண்டு பிடிக்குள் செல்லும் உலோகப் பகுதி காம்பு. கையால் பற்றும் பகுதி பிடி. பிடியின் முகப்பில் மரம் பிளவாதவாறு இறுக்கிப் பிடிக்கும் வளையம் பூண். உலக்கையின் முனையில் இடும் இரும்பு வளையத்தையும் பூண் என்றே வழங்குவர்.

காம்பைப் பிடியோடு இணைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் காம்பு மெலிந்து, மரத்தின் நடுவே மறைந்து நிற்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கொல்லர் அடித்துத் தரும் அரிவாள்கள் பலவும் இவ்வகையின. மற்றொன்றில் காம்பு பிடியின் அகலத்துக்கே விரிந்து கடைசிவரை செல்லும். அதன் இருபுறமும் இரு மரத்துண்டுகளை வைத்து ஆணியால் அறைந்து இறுக்குவர். மேலைநாட்டுச் சமையல் கத்திகளில் இம்முறை மிகுதி.

ஜப்பானிய மரபுக் கத்திகள் முதல் முறையைச் சார்ந்தவை. மக்னோலியா இனத்தைச் சேர்ந்த எடை குறைந்த மரத்தில் பிடியும் எருமைக் கொம்பில் பூணும் செய்வது அங்கு வழக்கம். பிடி தேய்ந்தாலோ தளர்ந்தாலோ அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவர். அலகு நெடுநாள் வாழ்வது. பிடி மாற்றத் தக்கது என்னும் தெளிவு அம்மரபில் உண்டு.

கையை அளத்தல்

நல்ல பிடி மரத்திலிருந்து தொடங்குவதில்லை; கையிலிருந்து தொடங்குகிறது. முதலில், கத்தியை ஆள்பவர் அதை எவ்வாறு பற்றுகிறார் என உற்றுநோக்க வேண்டும். சிலர் நான்கு விரல்களாலும் பிடியைச் சுற்றிப் பற்றுவர். வேறு சிலர் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் அடிப்பகுதியைக் கிள்ளியவாறு பிடித்து, மற்ற மூன்று விரல்களால் பிடியைப் பற்றுவர். முதலாமவருக்குப் பிடியின் பருமனும், இரண்டாமவருக்குப் பிடியின் முகப்பும் இன்றியமையாதவை.

அடுத்து, நான்கு விரல்களின் அடிப்பகுதியை ஒட்டி உள்ளங்கையின் அகலத்தை அளக்க வேண்டும். பிடி அதைவிடச் சில சென்டிமீட்டர் நீண்டிருத்தல் நன்று. உள்ளங்கை 8 சென்டிமீட்டர் அகலமுடைய ஒருவருக்கு 11 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடி பொருந்தும். பிடி குட்டையாக இருந்தால் அதன் கடைமுனை உள்ளங்கையில் உறுத்தும்.

பருமனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பிடியைப் பற்றும்போது விரல்நுனிகள் கட்டைவிரலின் அடிமேட்டை நெருங்க வேண்டும். அதில் அழுந்தக் கூடாது. அழுந்தினால் பிடி மெல்லியது. நெடுந்தொலைவில் நின்றுவிட்டால் பிடி பருத்தது. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்க மிகுந்த விசை தேவை. பருத்த பிடியை விரல்கள் முழுமையாகச் சூழ இயலாது.

குறுக்குவெட்டு வடிவமும் எண்ணத்தக்கது. முழுவட்டப் பிடி ஈரக்கையில் எளிதில் சுழலும். நீள்வட்டமோ எண்கோணமோ ஆன பிடியில், கூர்முனை எப்பக்கம் உள்ளது என்பதைக் கண் காணும்முன் கை அறிந்துகொள்ளும். ஜப்பானியப் பிடிகளில் ஒருபுறம் விளிம்புடைய வடிவம் ஒன்று உண்டு. அது வலக்கையர்க்கு ஏற்றது. இடக்கையர்க்கு அவ்விளிம்பு எதிர்ப்புறம் அமைய வேண்டும். எண்கோணம் இரு கையினருக்கும் பொதுவானது.

களிமண் உருண்டை ஒன்றை நீட்டிக் கையால் பற்றினால், விரல்களின் தடம் அதில் பதியும். பிடியில் எங்கே மேடு வேண்டும், எங்கே பள்ளம் வேண்டும் என்பதை அத்தடம் உணர்த்தும். எனினும், அத்தடத்தை அப்படியே மரத்தில் செதுக்குவது பிழை. இஞ்சியைச் சீவும்போது கை ஒரு விதமாகவும், பூசணியைப் பிளக்கும்போது வேறு விதமாகவும் பற்றுகிறது. ஆழமான விரற்பள்ளங்கள் கையை ஒரே நிலையில் சிறைப்படுத்தும். கைக்கு ஏற்ற பிடி என்பது, கை இடம் மாறவும் இசைவு தருவது.

மரத்தின் காழ்

மரத்தின் நடுவே முதிர்ந்து இறுகிய பகுதியை வைரம் என்பர். பழந்தமிழில் அதற்குக் காழ் என்று பெயர். வேல் முதலிய கருவிகளின் வலிய காம்பையும் அச்சொல் குறித்தது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், புறநானூற்றுப் பாடலொன்றில், காம்பு திருத்தி நெய்யணிந்து காக்கப்பட்ட படைக்கலங்களையும், போரில் சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கும் படைக்கலங்களையும் ஒப்பிடுகிறார். கருவியின் காம்பைச் செப்பம் செய்வதும் அதற்கு நெய் பூசுவதும் அக்காலத்தே அறியப்பட்ட பணிகள் என்பது இதனால் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. தென்னையும் பனையும் புறக்காழ் உடையன. இக்காலத் தாவரவியலும் அவற்றைப் புற்களைப் போன்று ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கிறது. தென்னையிலோ பனையிலோ பிடி செய்ய விரும்புவோர் தண்டின் வெளிப்பகுதியைத் தேர்வதும், புளி, வேல் முதலிய மரங்களில் உட்பகுதியைத் தேர்வதும் இதனாலேயே.

கருவேலமரம் கருவிகளின் பிடிக்கும், புளியமரம் உலக்கை முதலிய இடிபடும் பொருள்களுக்கும் நாட்டுப்புறத்தில் பயன்பட்டு வருகின்றன. இயல்பாகவே எண்ணெய்ப்பசை கொண்ட தேக்கு, நீரைத் தாங்கும். பழைய கதவு, கட்டில் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தேக்குத் துண்டுகள் பல்லாண்டு உலர்ந்தவை; ஆதலின் பிடிக்கு மிகவும் ஏற்றவை.

உலர்தலின் இன்றியமையாமையை அறிந்தாலன்றிப் பிடி செய்தலில் வெற்றி இல்லை. மரம் ஈரக்காற்றில் நீரை ஈர்த்துப் பருக்கும். வறண்ட காற்றில் நீரை இழந்து சுருங்கும். இம்மாற்றம் இழையின் நீளவாக்கில் மிகச் சிறிது, குறுக்குவாக்கில் மிகுதி. குறுக்குவாக்கிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு. பிடியினுள் இருக்கும் இரும்புக் காம்போ ஈரத்தால் பருப்பதில்லை, வறட்சியால் சுருங்குவதுமில்லை. பச்சைமரத்தில் செய்த பிடி உலரும்போது, அசையாத காம்பைச் சுற்றி மரம் நெருக்குண்டு பிளக்கிறது. அல்லது காம்பு ஆடத் தொடங்குகிறது. ஆகவே, நன்கு உலர்ந்த மரத்தை, இழைகள் பிடியின் நீளவாக்கில் ஓடுமாறு அறுத்துக்கொள்ள வேண்டும். முடிச்சு உள்ள இடத்தைத் தவிர்த்தல் நலம்.

செய்முறை

பணியின் முதற்படி பாதுகாப்பு. அலகு முழுவதையும் தடித்த அட்டையால் மூடி, ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும். பணி முடியும்வரை அவ்வுறையை நீக்கலாகாது. பின்னர், வெடித்த பழைய பிடியை அகற்றிக் காம்பில் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும்.

மரக்கட்டையைத் தேவையான அளவைவிடச் சற்றுப் பெரியதாக, நான்கு பக்கமும் சதுரமாக அறுத்துக்கொள்ள வேண்டும். வடிவம் செதுக்குவதற்கு முன்னரே துளையிடுதல் முறை. சதுரக்கட்டையைப் பட்டறை இடுக்கியில் நேராக நிறுத்துவது எளிது. வளைந்த பிடியில் துளை கோணிவிடும். காம்பு தட்டையானது, துளையோ வட்டமானது. ஆதலால், அருகருகே மெல்லிய துளைகள் இரண்டு மூன்று இட்டு, இடையில் உள்ள மரத்தை மெல்லிய அரத்தால் நீக்கிக் காம்பின் வடிவத்துக்குக் கொணர்வர்.

காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்தினுள் செலுத்தித் துளையைச் சுட்டு அமைப்பது பழைய முறை. அதில் துளை காம்புக்கு முற்றும் பொருந்தி அமையும். ஆனால், வெப்பம் காம்பின் வழியே அலகுக்குப் பரவினால் எஃகின் பதம் கெட்டு, கூர்மை நிலைக்காது போகும். எனவே, கொல்லர் அலகை ஈரத்துணியால் சுற்றிக் குளிர்வித்தவாறே இதனைச் செய்வர். பயிற்சி இல்லாதோர் அரத்தைப் பயன்படுத்துவதே தக்கது.

அடுத்தது இணைப்பு. அரக்கையும் செங்கற்பொடியையும் கலந்து உருக்கித் துளையில் ஊற்றிக் காம்பைச் செருகுவது இந்திய மரபு. வாள்களின் கைப்பிடியும் இவ்வாறு அரக்கால் இறுக்கப்பட்டதுண்டு. அரக்கு வெப்பத்தில் இளகும் தன்மையது. எனவே, வேண்டியபோது சூடேற்றிப் பிடியைக் கழற்றவும் இயலும். இன்று இருபொருள் கலந்த எப்பாக்சி பிசின் பெரிதும் பயன்படுகிறது. காம்பைச் செருகியவுடன் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, அலகும் பிடியும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். பிசின் இறுகிய பின் கோணலைத் திருத்த இயலாது. ஒருநாள் முழுவதும் அதை அசையாமல் வைத்தல் நன்று.

சதுரத்தை எண்கோணமாக்குவதில் ஓர் எளிய கணக்கு உதவுகிறது. பக்கத்தின் அளவை 24 பங்காக்கி, இரு ஓரங்களிலிருந்தும் 7 பங்கு தள்ளிக் கோடிட்டால் நடுவே 10 பங்கு எஞ்சும். நான்கு பக்கங்களிலும் இவ்வாறு கோடிட்டு, கோட்டுக்குக் கோடு மூலைகளை இழைத்துவிட்டால் எட்டுப் பக்கங்களும் ஏறத்தாழச் சமமாக அமையும். 24 மில்லிமீட்டர் சதுரக் கட்டைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும். பின்னர் வலம், இடம் ஆகிய இரு பக்கங்களையும் சிறிது இழைத்தால், அகலம் குறைந்து உயரம் மிகுந்த எண்கோணம் கிடைக்கும். நீள்வட்டம் வேண்டுவோர் எட்டு விளிம்புகளையும் அரத்தால் மழுக்கிப் பதினாறாக்கி, அவற்றையும் மழுக்குவர்.

இந்நிலையில் கண்ணைவிடக் கையே சிறந்த அளவுகோல். சிறிது அராவுவதும் உறையிட்ட கத்தியைப் பற்றிப் பார்ப்பதுமாகப் பணி மெல்ல நகர வேண்டும். நீக்கிய மரத்தை மீண்டும் சேர்க்க வழியில்லை. எடையையும் கருத வேண்டும். பிடி மிகக் கனத்தால் கத்தியின் சமநிலைப் புள்ளி பின்னுக்குச் சென்று, அலகின் முனை மேலெழ முயலும். அலகும் பிடியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே சமநிலைப் புள்ளி அமைந்தால், மென்மையான வேலைகளுக்குக் கத்தி எளிதில் இசையும்.

மெருகும் பராமரிப்பும்

80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 240, 400 எனப் படிப்படியாக நுண்மையான தாளுக்குச் செல்ல வேண்டும். இடையில் ஈரத்துணியால் பிடியைத் துடைத்து உலரவிட்டால், அழுந்திக் கிடந்த நார்கள் எழும்பி நிற்கும். அவற்றை மீண்டும் தேய்த்து நீக்கிவிட்டால், பின்னாளில் கழுவும்போது பிடி சொரசொரப்பாகாது. கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்று விரும்புவது தவறு. மிகுந்த வழவழப்பு ஈரக்கையில் வழுக்கும்.

இறுதியாக, உலரும் தன்மையுள்ள ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தேங்காயெண்ணெய் அவ்வாறு இறுகுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால், வினையில் தோன்றும் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். அதைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்துதல் கட்டாயம். மரத்தூளும் தீங்கற்றதன்று. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்துள்ளது. தேய்க்கும்போது முகக்கவசம் அணிதல் வேண்டும்.

மரப்பிடியுள்ள கத்தியை நீரில் ஊறவிடலாகாது. கழுவியவுடன் துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். மரம் வெளிறித் தோன்றும்போது மீண்டும் ஒருமுறை எண்ணெய் பூசினால் போதும்.

சராசரியும் தனிக்கையும்

பிடி செய்து முடிந்த நாளில் அதன் தரம் தெரிவதில்லை. சில நாள் காய் நறுக்கியபின், கையில் எங்கே சிவந்துள்ளது, எங்கே வலிக்கிறது என்று ஆள்பவரைக் கேட்க வேண்டும். சிவந்த இடத்துக்கு நேரான விளிம்பை உப்புத்தாளால் இன்னும் சிறிது மழுக்க வேண்டும். இவ்வாறு கேட்டுத் திருத்துதலும் செய்முறையின் ஒரு படியே ஆகும்.

தொழிற்சாலை பல்லாயிரம் கைகளின் சராசரியைக் கருதிப் பிடி செய்கிறது. அதனால் கத்தி எல்லார்க்கும் எளிய விலையில் கிடைக்கிறது, அது பெரும்பயனே. ஆயினும், சராசரிக் கை என்பது கணக்கில் உண்டு. எந்த உடலிலும் இல்லை. மூட்டுவலியால் விரல் மடங்காத முதியவரும், சிறிய கையுடையவரும், இடக்கைப் பழக்கமுள்ளவரும் அச்சராசரிக்குத் தம்மை வளைத்துக்கொண்டே வேலை செய்கின்றனர். ஒரு குடும்பத்துக்குப் பல்லாண்டு சமைத்த கையை யாரும் ஒருநாளேனும் அளந்து பார்த்திருப்பதில்லை. பிடி செய்யப் புகுந்தவர் முதன்முதலில் செய்வது அந்த அளத்தலையே. மரமும் அரமும் எப்பாக்சியும் அதன்பின் வருவன. கருவிக்காகக் கை வருந்தாமல், கைக்காகக் கருவி இசைந்து அமைவதே வடிவமைப்பின் அறம்.

சொல்லும் பொருளும்

அலகு – வெட்டும் பகுதி; காழ் – வைரம், வலிய காம்பு; பூண் – இறுக்கும் வளையம்; அரம் – அராவும் கருவி.

இலக்கணக் குறிப்பு

அலகும் பிடியும் – எண்ணும்மை
வெடித்த பிடி – பெயரெச்சம்
அசையாத காம்பு – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

செதுக்கினர் – செதுக்கு + இன் + அர்
செதுக்கு – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் சமைப்பவரின் உள்ளங்கை அகலத்தையும், அவர் பயன்படுத்தும் கத்திப்பிடியின் நீளத்தையும் அளந்து ஒப்பிட்டு, உங்கள் கருத்தை வகுப்பறையில் எடுத்துரைக்க.
2. உங்கள் பகுதியில் கருவிகளுக்குப் பிடி செய்யப் பயன்படும் மரங்களைத் தச்சரிடமும் கொல்லரிடமும் கேட்டறிந்து பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. தொல்காப்பிய மரபியலின்படி ‘புறக்காழ்’ உடையது
அ) புளி ஆ) தேக்கு இ) பனை ஈ) கருவேலம்

2. வடிவம் செதுக்குவதற்கு முன்னரே துளையிடுவதற்குக் காரணம்
அ) மரம் விரைவில் உலரும் ஆ) துளை கோணாமல் அமையும் இ) எடை குறையும் ஈ) எண்ணெய் ஊறும்

குறுவினா

1. அரிவாள்மணைக்குக் கைப்பிடி தேவைப்படாமைக்குக் காரணம் யாது?
2. பூணின் பயனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. பச்சைமரத்தில் செய்த பிடி பிளப்பதற்கான காரணத்தை விளக்குக.
2. ஆழமான விரற்பள்ளங்கள் உடைய பிடி சிறந்ததன்று – காரணங்காட்டி எழுதுக.

நெடுவினா

‘கருவிக்காகக் கை வருந்தாமல், கைக்காகக் கருவி இசைந்து அமைவதே வடிவமைப்பின் அறம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டும், நீவிர் அறிந்த பிற கருவிகளை எடுத்துக்காட்டியும் நிறுவுக.